காய்ச்சல் கதை யாருக்குச் சொந்தம்

சுல்பா மௌத்தாகி ஒரு வருடம் ஆனதும், அவளை நினைவுகூர ஊரே பாடசாலை மண்டபத்தில் கூடியது. குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பெண்ணுக்காக இவ்வளவு சனம் சேர்ந்து சபூரா பார்த்ததில்லை. அவளை முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்திருந்தார்கள். "இவதான் சுல்பா மிஸ்ஸுட ராத்தா" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். தங்கை உயிரோடு இருந்தபோதும் சபூராவுக்கு ஊரில் இதே பெயர்தான்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, தோணியில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது சுல்பாவுக்கு ஒன்பது வயது. சபூராவுக்குப் பதினாறு. முகாமில் இருந்தே படித்து, இரசாயனப் பட்டம் வாங்கி, நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் சுல்பா வேலைக்குச் சேர்ந்தாள். யுத்தம் முடிந்து சொந்தபந்தங்கள் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கியபோது, அவள் இங்கேயே தங்கி, லீவு நாட்களில் போத்தல்களோடு கிணறு கிணறாக அலைந்தாள். தோட்டத்துக்குப் போடுகிற உரம் மணலுக்குள் இறங்கிக் கிணற்றில் சேர்கிறது, அந்தத் தண்ணீரில் கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்காதீர்கள் என்று வாசல் வாசலாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பெண்களைக் கூட்டிவைத்து, முதலில் குர்ஆன் ஓதுவாள். பிறகு தண்ணீரைப் பற்றிச் சொல்லுவாள். தண்ணீர் அல்லாஹ் நம்மை நம்பித் தந்த அமானிதம், அதைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை என்பாள். பள்ளிவாசல்காரர்களோடு வாதாடி, தோட்டங்களுக்கு எட்டத்தில் ஒரு பொதுக்கிணறு வெட்டவைத்தாள்.

அந்த நேரமெல்லாம் அவளுடைய மகள் ஷஸ்னா சபூராவின் இடுப்பில் இருந்தாள். தகப்பனுக்குக் கட்டாரில் வேலை. சபூராவுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் இருக்கவில்லை. ஷஸ்னாவுக்குத் தலைவாரி, சோறூட்டி, மத்ரசாவுக்கு அனுப்பி, வயதுக்கு வந்தபோது தண்ணீர் வார்த்ததும் அவள்தான். ஊர் சுல்பாவைப் புகழும்போதெல்லாம், 'அவள் பிள்ளையை யார் பார்த்தது என்று கேளுங்களேன்' என்று சபூராவின் நெஞ்சு புகையும். யாரும் கேட்டதில்லை.

மேடையில் தலவிலயிலிருந்து வந்த அனஸ்தாசியா பேசினாள். மீன்காரர் வீட்டுக் கத்தோலிக்கப் பெண். "மிஸ் எங்கட கோயில் கிணத்தையும் வந்து பாத்தவ. முக்காட்டோட சாமியாருக்கு முன்னால நிண்டு, ஃபாதர், இந்தத் தண்ணி குழந்தைகளுக்குச் சரியில்லன்னு சொன்னா. என்ட மகன் இண்டைக்கு நல்லா இருக்கான்னா அவவால தான்" என்று அழுதாள். மண்டபமும் சேர்ந்து அழுதது. சபூராவின் கண் காய்ந்தே இருந்தது. செத்த பிறகும் எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறாளே என்றுதான் பட்டது.

கடைசியாக இருபது வயது ஷஸ்னா எழுந்தாள். சபூரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பிள்ளை பேசப்போகிறாள்.

"எனக்கு எட்டு வயசில டெங்கு வந்திச்சு" என்று தொடங்கினாள் ஷஸ்னா. "காய்ச்சல்ல, மேல சுத்துற ஃபேன் என்ட தலையில விழப்போகுதுன்னு கத்தினேனாம். உம்மா ஃபேன நிப்பாட்டிட்டு, ஒரு சப்பாத்துப் பெட்டி மூடிய எடுத்து, கை வீங்கிற வரைக்கும் விசுக்கிக்கிட்டே இருந்தாங்க. இடைக்கிடை யாசீன் ஓதி நெத்தியில ஊதுவாங்க. ஊருக்கெல்லாம் ஓடின உம்மா, எனக்காக அண்டைக்கு எங்கயும் போகல்ல."

அந்தச் சப்பாத்துப் பெட்டி சபூராவுடையது. வீங்கியது அவளுடைய கை. சுல்பா அன்று முந்தல் ஊரில் ஒரு கூட்டத்தில் இருந்தாள். வந்து சேர இருட்டி, மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பக்கத்திலிருந்த பெண் சபூராவின் முழங்கையைத் தொட்டு, "என்னமாதிரித் தாய்!" என்றாள். சபூரா கையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அபாயாவைக் கூடக் கழற்றவில்லை.

"ஷஸ்னா, அந்தக் காய்ச்சல் நேரம் உனக்குப் பக்கத்தில இருந்தது யாரு?"

பெண் தலை குனிந்தாள். "நீங்க."

மறந்துபோய்ச் சொல்லியிருப்பாள் என்றுதான் வழியெல்லாம் சபூரா தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். இப்போது அதுவும் இல்லை. "தெரிஞ்சிக்கிட்டேதான் சொன்னியா?"

"ஓம். எல்லாருக்கிட்டயும் உம்மாவப் பத்தி ஒரு கதை இருக்கு, பெரியம்மா. கோயில்காரங்களுக்குக் கூட இருக்கு. எனக்கு என்ன இருக்கு? எழும்பிப் பாத்தா உம்மா போயிருப்பாங்க. மேடையில ஒவ்வொருத்தரும் பேசப் பேச எனக்கு எரிஞ்சிச்சு. மகள் நான், வெறுங்கையோட போய் நிக்கிறதா? அதான் உங்கட கதைய எடுத்தேன்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா தந்திருப்பீங்களா?"

சபூரா தந்திருக்கமாட்டாள்.

இரண்டு நாள் கழித்து பாடசாலை அதிபர் லத்தீப் வந்தார். நினைவு மலர் போடப்போகிறார்களாம். ஷஸ்னாவின் பேச்சை முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார். "அந்தக் காய்ச்சல் கதை கல்லையும் கரைச்சிரும். அதில உங்களுக்கு ஏதாச்சும் சேர்க்க இருக்கா?"

அறை வாசலில் ஷஸ்னா நின்றாள். பெரியம்மா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டால் போதும் என்று முகம் கெஞ்சியது. சபூராவுக்கும் அது தெரிந்தது. செத்தவளுக்கு ஒரு நல்ல பேர், இருக்கிறவளுக்கு ஒரு ஆறுதல். ஆனால் வாய் வேறு சொன்னது.

"அத எடுத்திடுங்க, சேர்."

"ஏன்? பொய்யா?"

"நடந்ததுதான். ஆனா விசுக்கினது நான். சுல்பாவுக்குக் கிணறு இருக்கு, பள்ளி இருக்கு, ஊர் இருக்கு. அதெல்லாம் போடுங்க, நான் குறுக்க வரமாட்டேன். இது என்ட."

லத்தீப் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு ஷஸ்னா முகம் கொடுத்துப் பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்றாள், கோப்பையைக் கழுவினாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்ட பொருள் திரும்பக் கிடைத்தும் சபூராவுக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. சுல்பா மேல் இருந்த கோபம் மட்டும் கூடியது.

மலர் வந்த அன்று பின்னேரம் ஷஸ்னா குசினிக்குள் வந்தாள். மலரில் அவளுடைய பேச்சில் நாலு வரிதான் மிஞ்சியிருந்தது.

"என்டத எடுத்திட்டீங்க. அப்ப உம்மாட கதை ஒண்டு தாங்க. நான் பிறக்க முந்தியதாவது."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சபூரா நிமிரவில்லை. நல்ல கதை கொடுக்க மனம் வரவில்லை. தேடித் தேடி, இருப்பதிலேயே கேவலமான ஒன்றை எடுத்தாள்.

"முகாமில இருக்கக்குள்ள உன்ட உம்மா பாயில மூத்திரம் பெய்ஞ்சிருவா. ஒம்பது வயசு! ஒரு நாள் விடிய எழும்பி, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தண்ணிக் குடத்த எடுத்து பாய் முழுக்க ஊத்திட்டா. என்ட பக்கத்திலயும் சேர்த்து. 'ராத்தா குடத்தத் தட்டிட்டா'ன்னு ஒரே கத்தல். எங்கட உம்மாட்ட அடி வாங்கினது நான்."

ஷஸ்னா வாயைப் பொத்தினாள். பிறகு அடக்கமுடியாமல் வெடித்துச் சிரித்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "உம்மாவா? என்ட உம்மாவா?" என்று கேட்ட குரலில் அவ்வளவு பிரியம்.

தங்கையைச் சின்னதாக்கிக் காட்டத்தான் சபூரா அதைச் சொன்னாள். இந்தச் சிரிப்பையும் சுல்பா கொண்டுபோய்விட்டாள்.

ஷஸ்னா பலகையை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தாள். "இன்னொண்டு சொல்லுங்க, பெரியம்மா."

இன்னும் நிறைய இருந்தன. அவை சபூராவைத் தவிர யாரிடமும் இல்லை. துருவிய தேங்காயை ஒதுக்கிவைத்துவிட்டு, எரிச்சல் தீராத குரலிலேயே அடுத்ததைத் தொடங்கினாள்.