அண்ணை ஏற்றினால்

பானுஜன் கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, கூடையோடு கீழே கட்டடத்தின் பொதுச் சலவையறைக்கு, வாஷ்கூகேக்குப் புறப்பட்டான். சனிக்கிழமை மத்தியானத்தோடு எங்கள் முறை முடிந்துவிடும். அடுத்த வீட்டுக்காரி வந்து நிற்கும் முன் மெஷினைக் காலியாக்க வேண்டும். வாசலில் நின்று திரும்பி ஒன்றுதான் சொன்னான்.

"அண்ணை ஏத்தினா விட்டிடு."

திரையில் பச்சை மேசை. அதைச் சுற்றி ஆறு பெயர்கள், ஆறும் சொந்தம். பேர்ன் நகரத்து பூம்ப்ளிஸிலும், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கும் ஷ்லீரனிலும் அவரவர் சோபாவில் இருந்தபடி போக்கர் ஆடுகிறார்கள். ஒலிவாங்கிகள் திறந்தே கிடப்பதால் ஒரு வீட்டில் கோழி பொரிவதும் இன்னொரு வீட்டில் பிள்ளை அழுவதும் கேட்கும். பேர்னை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் பக்கத்தை மட்டும் பானுஜன் எப்போதும் அணைத்தே வைத்திருப்பான். மேசையின் பெரியவர் அவனுடைய அண்ணன் குலேந்திரன். பானுஜனுக்குப் பதினான்கு வயது மூத்தவர். கணவனின் அண்ணன் என்பதால் நான் பெரியத்தான் என்பேன்.

பல சனிக்கிழமைகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பொதுச் சீட்டுகள் திறப்பதற்கு முன்பே பானுஜன் பந்தயத்தை ஏற்றினால், பெரியத்தான் அதற்கு மேல் மும்மடங்கு ஏற்றுவார். பானுஜன் சீட்டைக் கவிழ்த்து விட்டுவிடுவான், வைத்த பணம் அண்ணனுக்குப் போகும். அதே மேசையில் சச்சிதானந்தன் மாமா ஏற்றினால் பெரியத்தான் அப்படிச் செய்வதில்லை. ஒரு மனிதருக்குத் தன் தம்பிக்கு எதிராக மட்டும் எப்படி இவ்வளவு நல்ல சீட்டு விழும்?

பானுஜனிடம் இதை ஒருமுறை கேட்டேன். அண்ணை கேட்டதுக்கு மேலே கேட்டுப் பழக்கமில்லை என்றான். சின்ன வயதில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம். அந்த ஆட்டத்தில் கூட்டாளி ஒரு தொகை கேட்டுவிட்டால், நாம் அதன்மேல் ஏற்றி அவர் கையைக் கெடுப்பதில்லை. அது மரியாதை மட்டுமல்ல, புத்தியும்கூட. ஆனால் போக்கரில் கூட்டாளி என்று யாரும் இல்லை. அது பானுஜனுக்குத் தெரியும், அவன் விரலுக்குத்தான் தெரியாது.

ஈஸ்டருக்குச் சொந்தமெல்லாம் கூடியபோது, தாதியர் படிப்புக்கு பேர்னில் இடம் கிடைத்துவிட்டதென்று சொன்னேன். முதியோர் இல்லத்தில் உதவியாளராக ஏழு வருடம் நின்றவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று பானுஜனுக்குத் தெரியும். அடுத்த கிழமையே பெரியத்தான் வந்தார். தன் துப்புரவுக் கொம்பனியில் மேற்பார்வைக்கு நின்றவர் போய்விட்டார், பானுஜன் வந்து பொறுப்பெடுக்க வேண்டும், ஷ்லீரனில் தங்கள் மாடிக்கு மேலே வீடு காலியாகிறது, திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார். ஷ்லீரனுக்குப் போனால் பேர்னில் கிடைத்த இடத்தை விட வேண்டியதுதான், ஆனால் என் படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் எங்களைக் கெடுக்க நினைத்தவரல்ல. பானுஜனை இந்த நாட்டுக்கு எடுத்து, குளிர்சட்டையிலிருந்து மொழி வகுப்பு வரை பார்த்துப் பார்த்துச் செய்தவர். அதனால்தான் அவரோடு கதைப்பது இவ்வளவு பாரம். பானுஜன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம் அண்ணை" என்றான். அந்தத் திங்கள் நாளை மறுநாள்.

மேலே ஏற்றுபவருக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். விட்டுவிடலாம். அவர் வைத்த அளவையே வைத்து ஈடுகட்டி உள்ளே போகலாம். அதற்கும் மேலே ஏற்றலாம். அவருடைய முறை நமக்குப் பின்னால் வரும்போது சும்மா ஈடுகட்டுவதுதான் மிக மோசம் என்று வேலைக்குப் போகும் ட்ராமில் படித்திருந்தேன். ஒவ்வொரு சீட்டுக்கும் முதலில் வாய் திறக்க வேண்டியது நாம், நம்மைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர் அவர். படித்தபோது எனக்குச் சீட்டு நினைவுக்கு வரவில்லை. 'பாப்பம்' என்ற சொல்தான் வந்தது.

எனக்கு ஏஸும் ஐந்தும் விழுந்தன, இரண்டும் ஒரே இனம். ஏற்றினேன். மற்றவர்கள் விலகினார்கள். பெரியத்தான் மும்மடங்கு வைத்தார்.

"விடு தம்பி, வீணா ஏன்," என்றார், அன்பாகத்தான்.

"அவன்ரை விரல் அந்தப் பட்டனிலையே ஒட்டிப்போச்சு," என்றார் சச்சிதானந்தன் மாமா. யாரோ சிரித்தார்கள்.

பெரிய சீட்டில்லை. ஆனால் ஒரு ஏஸ் என்னிடம் இருக்கையில் அவரிடம் இரண்டு ஏஸ் இருப்பது அரிது. முடிவெடுக்க மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் வட்டம் திரையில் குறைந்துகொண்டு வந்தது. அவர் வைத்ததன் இரண்டரை மடங்கை வைத்தேன்.

கோழி பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர் விளையாடுறது?" என்றார் பெரியத்தான்.

ஒலிவாங்கியைத் திறந்தேன். "நான்தான், பெரியத்தான். சரணியா."

"பானு எங்கை?"

"கீழை. உடுப்பெடுக்கப் போயிட்டார்."

"உனக்கு இது விளங்குமோ பிள்ளை?"

"ஓம். விளங்கும்."

அவர் நேரத்தை முழுவதும் எடுத்தார். வட்டம் முடிய ஒரு நொடி இருக்கும்போது அவருடைய இரண்டு சீட்டுகளும் கவிழ்ந்தபடியே மேசை நடுவுக்கு நழுவி மறைந்தன. குவியல் என் பக்கம் வந்தது. மகிழ்ச்சி வருமென்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் அந்தக் கையில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம்தான் வந்தது, யாரோ ஒருவரை உடுப்பில்லாமல் பார்த்துவிட்டதுபோல. பெரியத்தானின் பெயர் மேசையிலிருந்து அணைந்தது.

பானுஜன் வாசலில் கூடையோடு நின்றான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"உன்னட்டை என்ன இருந்தது?"

"ஏஸும் அஞ்சும்."

"அதோடையோ ஏத்தினனீ?"

"ஓம்."

"திங்கட்கிழமை..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. கைபேசி அடித்தது. பச்சை மேசை மறைந்து, திரை முழுவதும் 'குலேந்திரன் அண்ணை' என்ற பெயர். நான் அதைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. பானுஜன் வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அதை எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. அது விழக்கூடிய இடத்துக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தான்.