கோமளா பற்பொடியின் நிறம் என்ன?

1

இந்தக் கதை எனக்கு ஒரே வரியாகத்தான் கிடைத்தது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவிக்கு நடுவே சொன்னார்: "ரேடியோவுல பரிசுன்னு அறிவிச்சாங்க, ஒரு பய கலந்துக்கிடல." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மீதி முழுக்க என் புளுகு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வைகை வற்றிக் கிடந்த 1982ஆம் ஆண்டில், மாமதுரையின் வணிக வரலாற்றிலே ஒரு பொன்...'

வேண்டாம். பற்பொடிக்கு எதற்கு வரலாறு.

2

சிம்மக்கல்லில் கோமளா பற்பொடி கம்பெனி. முதலாளிகள் அண்ணன் முத்துக்கருப்பன், தம்பி காசிமாயன். ஒரே தெருவின் இரு முனைகளில் ஆளுக்கொரு கடை. வானொலியில் கால் மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, பாட்டுக்கு நடுவே ஒரு கேள்வி கேட்பது என்று திட்டம்: கோமளா பற்பொடியின் நிறம் என்ன? சரியாகச் சொன்னால் டிரான்சிஸ்டர்.

விடை அனுப்ப யார் கடை முகவரியைச் சொல்வது? அண்ணன் விடவில்லை, தம்பியும் விடவில்லை. கடைசியில், அறிவிப்பை எழுதிய குமாஸ்தா ஹாலாஸ்யத்தின் விளாங்குடி வீடு என்று முடிவாயிற்று.

அவருக்குச் சந்தோஷம்தான். மனைவி ஜானு காலமான பிறகு தபால்காரர்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. ஊரே எழுதப்போகிறது என்று வாசலில் பெரிய பெட்டியாக அடித்து வைத்தார்.

ஒலிபரப்பில் 'கொடைவள்ளல், தொழில்மாமணி, பல்நலக் காவலர்...' என்று அண்ணனுக்குப் பட்டங்கள். தம்பிக்கும் ஒன்று குறையாமல் அதே அளவு. (பட்டம் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். நோட்டீஸ் அடித்த அச்சகம்.) வாசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்தது. 'விடை அனுப்ப வேண்டிய முகவரி: விளாங்குடி...' என்றதோடு செய்தி தொடங்கிவிட்டது.

பெட்டியில் சிலந்தி குடியேறியது.

3

ஒரு வியாழக்கிழமை ஒருவர் வந்து நின்றார். நல்லகாமன், ஊருக்கு மேற்கே கத்திரிக்காய் போடுகிறவர்.

"ரேடியோக்காரர் வீடு இதானா சாமி? விளாங்குடி பூராம் கேட்டு வாரேன்."

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே."

"எந்த வீட்டுக்குப் போட? அதான் நானே வந்துட்டேன். கருப்பு."

"என்ன கருப்பு?"

"பற்பொடி."

கோமளா ரோஜா நிறம். ஹாலாஸ்யம் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

"தப்பு. ஆனா கெடு இன்னும் இருக்கு. கம்பெனியில சொல்லிக்கறேன். அடுத்த வியாழக்கிழமை வாங்கோ."

அடுத்த வாரம் வெள்ளை. அதற்கடுத்து பச்சை. விடை ஒரு நொடி, பேச்சு ஒரு பொழுது.

"டிரான்சிஸ்டர் கிடைச்சா என்ன பண்ணுவேள்?"

"டீக்கடையில நின்னுக்கிட்டே கேக்க வேண்டியிருக்கு. வீட்டுல இருந்தா யாரோ பேசிக்கிட்டிருக்க மாதிரி இருக்கும்ல."

4

இந்த நல்லகாமனை நான் நம்பவில்லை. சிம்மக்கல்லில் காய் இறக்குகிற மனிதர். அங்கே கடைக்குக் கடை கோமளா பொட்டலம் தொங்குகிறது, ரோஜா நிறம் வெளியே தெரிய. பச்சையாம். அவரை மடையராக எழுதிப் பார்த்தேன், எழுத்து ஒப்பவில்லை. நிறம் இவருக்குத் தெரியும் என்பது ஹாலாஸ்யத்துக்குத் தெரியுமா? [இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.]

5

நாளைக்குப் பரிசளிப்பு மேடை. "ஜெயிச்ச ஆளக் கூட்டிட்டு வாரீரா, இல்ல என் மச்சினன ஏத்தவா?" என்கிறார் முத்துக்கருப்பன்.

முடிவு ஒன்று: ஹாலாஸ்யம் நிறத்தைச் சொல்லிவிடுகிறார். டிரான்சிஸ்டர் போகிறது, வியாழக்கிழமையும் கூடவே போகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. மச்சினன் ஜெயிக்கிறான். நல்லகாமன் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

முடிவு மூன்று: 'பரிசை வாங்கிண்டு, அப்புறமும் வாங்கோ.' இம்புட்டுத்தான். இந்த வரியை அவர் வாயில் வைக்க நானும் எவ்வளவோ பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது. இதுவரை அவர் கூப்பிட்டதெல்லாம் கம்பெனி சார்பில்.

இன்று வியாழக்கிழமை. நல்லகாமன் தம்ளரைக் கீழே வைக்கிறார். "மஞ்சளா சாமி?"

ஹாலாஸ்யம் வாயைத் திறந்துவிட்டார். நான் எழுதினால் நக்கலாகத்தான் வரும். அந்த வரியை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி.