மேல்முறையீட்டில் சேர்ந்த ஐந்து தாள்கள்

போட்டிக்கு வந்தவர்களை எல்லாம் தலையெடுக்க விடாமல் சந்தையை வளைத்துப் போட்டதாக அந்தப் பெரிய இணையக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது. அப்பீலுக்கு அன்று மாலை ஐந்து மணி கெடு. முந்நூறு பக்கம், காகிதத்தில், மூன்று பிரதி. கம்பெனியின் அச்சு இயந்திரமோ ஒரு பிரதி அடித்ததும் தன் மென்பொருளைப் புதுப்பிக்க உட்கார்ந்துவிட்டது. "தாக்கல் ஆகலைன்னா உங்க வேலை போச்சு" என்று சொல்லி, அந்த ஒற்றைக் கட்டோடு தங்கள் வக்கீலம்மாவை நீதிமன்றத்துக்கு ஓடவிட்டார்கள்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடையே இல்லை என்றது கைபேசியில் கம்பெனியின் வரைபடம். நீதிமன்றக் காவலாளி, "எதிர்லயே இருக்கேம்மா" என்று கையை நீட்டினார்.

மணி நாலு இருபது. கடையில் ஐந்து பேர், ஆளுக்கொரு மனுவோடு.

"வேற கடை இல்லையாண்ணே?"

கட்டின் மேலிருந்த கம்பெனியின் பெயரைப் படித்த கடைக்காரர் சிரித்தார். "இருந்துச்சு. உங்க மேப்புல காட்டலை, மூடிட்டாங்க. இப்ப நான் ஒருத்தன்தான்."

வக்கீலம்மா வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார். "அறுநூறு பக்கம் எடுக்கணும். கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

முதலில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்தார். "கம்பெனி தரப்பைச் சொல்லும்மா. கேட்போம்."

வரிசை நீதிமன்றமாகிவிட்டது.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலைங்க. பிடிக்கலைன்னா வேற இடத்துக்குப் போகலாமே."

"அப்ப நீயும் போயேன்," என்றாள் வரிசையில் நின்ற கைக்குழந்தைக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கியது.

ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டார். மற்ற நாலு பேரின் முகத்தையும் பார்த்தார். "கம்பெனியோட கோரிக்கை தள்ளுபடி. ஆனா கண்ணு, நீ முன்னாடி போ. உன் பிழைப்புல மண் விழ வேண்டாம்."

இயந்திரம் அரைமணி நேரம் உறுமியது. ஒருவர் தாள் அடுக்கினார், ஒருவர் நூல் கோத்தார். கடைசியில் அவர்களின் ஒற்றைத் தாள்களுக்கும் நகல் எடுத்து முடிந்ததும் ஆறு பேரும் சேர்ந்தே நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அப்பீலில் முத்திரை விழுந்தபோது மணி ஐந்துக்கு ஒரு நிமிடம். அடுத்த மனுவுக்குக் கை நீட்டுவதற்குள் மணி அடித்தது. குமாஸ்தா ஜன்னலை இழுத்தார்.

"புது மனு நாளைக்குத்தான்."

"எனக்கு இன்னைக்குத்தாங்க கடைசி நாள்," என்றாள் குழந்தைக்காரி.

வக்கீலம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்கு வழி விட்டுத்தான் இவங்க பிந்திட்டாங்க. நீங்க மனசு வைக்கணும்."

குமாஸ்தா கடவுளுக்கும் பயந்தவர், விதிக்கும் பயந்தவர். இரண்டுக்கும் நடுவே சிறிது நேரம் தலையைச் சொறிந்தார். "புதுசு எடுக்க முடியாது. ஆனா திறந்திருக்கிற கட்டுல இணைப்பு சேர்க்கலாம். உங்க கட்டை நான் இன்னும் மூடலை."

வக்கீலம்மா ஒரு கணம் அலுவலகத்தை நினைத்தார். பிறகு ஐந்திலும் கையெழுத்துப் போட்டார். அந்த மாபெரும் அப்பீலில் ஆசிரியரின் ஓய்வூதியம் நாற்பத்தொன்றாம் இணைப்பானது. பக்கத்து வீட்டுக் குழாயால் ஊறும் சுவர் நாற்பத்திரண்டு. குழந்தையின் பெயர்த் திருத்தம் நாற்பத்து மூன்று.

படியிறங்கும்போது மேலாளர் அழைத்தார். "தாக்கல் ஆச்சா? ஜெயிக்க வாய்ப்பு எப்படி?"

"நாப்பத்து மூணாவது இணைப்பு நிச்சயம் ஜெயிக்கும் சார்," என்றார் வக்கீலம்மா. "நமக்குத்தான் கடவுள் விட்ட வழி."