குணசேகரன் வீட்டு மஞ்சள் பூ

மூன்றாவது முறையாகக் கரண்ட் போனதும் தமிழ்நிலா ஸ்டூலைப் போட்டு ஏறி, விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது.

“ரெண்டையும் இந்த லைன் தாங்காதும்மா,” என்றார் பெட்டி கொண்டுவந்த ஜாஃபர் சாதிக். “அந்த ரூம் ஏசியை நிறுத்துங்க. உள்ள யாரும் இல்லையே?”

உள்ளே ஒரு செடி இருந்தது.

தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற குணசேகரன், ஏழு வருடங்களுக்கு முன் மேகம் இறங்கி நிற்கும் ஒரு மலைச் சோலையிலிருந்து அதை நாற்றாகக் கொண்டுவந்தார். இலையை வைத்துப் பார்த்தால் எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. பூத்தால்தான் இன்ன செடி என்று எழுத முடியும். பூதலூர் வெயிலில் ஒரு நாள் தாங்காது என்பதால் அதற்கு ஏசி. “கட்டுன பொண்டாட்டிக்கு விசிறி, களைக்கு ஏசி” என்று அம்மா ராஜாத்தி ஏழு வருடமும் திட்டினாள். களை என்றால்தான் அவருக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று மாலை அது பூத்தது. ஒரே ஒரு பூ. எண்பத்தொரு வயதில் படுக்கையில் இருந்தவர் தானே போன் போட்டுப் பழைய மாணவி பிரகதீஸ்வரியைக் கூப்பிட்டார். “பூத்துருச்சு. கெளம்பி வா. வாடுறதுக்குள்ள எழுதிரணும்.” பிறகு இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்படியொரு சாவுக்கு அழுவதா பொறாமைப்படுவதா என்று தமிழ்நிலாவுக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வரச் சாயங்காலம் ஆகும். பெட்டியை நிறுத்த முடியாது. பிரகதீஸ்வரியின் பஸ் இன்னும் திருச்சியைத் தொடவில்லை. ஏசியை நிறுத்திய கால் மணி நேரத்தில் பூவின் கழுத்து சாய ஆரம்பித்தது. ஏழு வருடக் காத்திருப்பு கண்ணெதிரே வீணாகிறதே என்று நினைத்ததும், காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

ராஜாத்தி வந்து பார்த்தாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

“தம்பி, பெட்டியைத் தொறங்க.”

“என்ன அண்ணி இது, செடியைப் போயி…” என்று சித்தப்பா இழுத்தார்.

“அவரு கால்மாட்டுல இருக்கட்டும். வேற யாரை வச்சாலும் இவ்வளவு சந்தோஷப்பட மாட்டாரு.”

ஜாஃபர் சாதிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

பதினோரு மணிக்கு பிரகதீஸ்வரி வந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே பூவைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். தொட்டியை வெளியே எடுத்து வைத்து அவள் சொல்லச் சொல்ல, தமிழ்நிலா எழுதினாள்.

“ஒரு சாண் உயரம். தண்டுல வெள்ளை மயிர். இலை எதிரெதிரா, அடிப்பக்கம் ஊதா. பூ தனியா. இதழ் அஞ்சு, அடியில ஒட்டியிருக்கு. நல்ல மஞ்சள். தொண்டையில சிவப்புப் புள்ளி. மகரந்தத் தாள் ரெண்டு.”

ஏதோ பதிகம் படிக்கிறார்கள் என்று நினைத்து, வந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திக் கைகூப்பினார்கள்.

“இனி இதை வெட்டி, சாட்சிக்கு அழுத்திக் காயவைக்கணும்மா,” என்றாள் பிரகதீஸ்வரி, ராஜாத்தியின் முகத்தைப் பார்க்காமல். “அவசரத்துல பலகையை விட்டுட்டு வந்துட்டேன்.”

“வெட்டு. வேரை விட்டுடு, நீ மலைக்கு எடுத்துட்டுப் போ. எவ்வளவு நேரம் அழுத்தணும்?”

“ரெண்டு மணி நேரமாவது அசையக் கூடாது. இதழ் மடிஞ்சிரும்.”

ராஜாத்தி சுவரோரம் ஒரு மணையைப் போட்டாள். அதன்மேல் செய்தித்தாள், நடுவே பூவோடு தண்டு, மேலே இன்னொரு மணை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிதானமாக அதன்மேல் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் பேராவூரணியிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடியும் மாலையுமாக வந்து இறங்கினார்கள். வாசல்வரை போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டிய முறை. ராஜாத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் நீட்டினாள். தம்பி மனைவி மாலதி ஓடிவந்து குனிந்து கட்டிக்கொண்டாள்.

“ஐயோ, எங்க அண்ணிக்கு எந்திரிக்கக்கூட முடியலையே!”

ராஜாத்தி வாய்விட்டு அழுதாள். தோள் குலுங்கியது, தலை ஆடியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

தமிழ்நிலா மணி பார்த்தாள். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.