குனியாத முதுகு

அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே ஜமீலாவுக்குக் குமட்டியது. பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு காஜா பெராங் தெருவிலிருக்கும் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். காவல் சாவடியில் ஜப்பான் சிப்பாய் அறைந்து வீங்கிக் கிடந்தது அவள் புருஷன் அப்துல் கய்யூமின் கன்னம். அதைப் புது மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதுபோல் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாவைத் தவிர யாருக்கும் குனியமாட்டேன்னு நிக்கிறாரே, இதுதான் ஈமான்!" என்றார் ஜெய்னுலாப்தீன் நானா. பள்ளிவாசல் நிர்வாகி. ஜப்பான்காரனின் நிப்பொன் பாஷை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் படித்து, சாவடியில் மொழிபெயர்க்கிறவரும் அவர்தான்.

ஈமானாவது, மண்ணாங்கட்டியாவது! அப்துல் கய்யூமுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை மூட்டெல்லாம் இறுகிப்போய் வருஷக்கணக்காகிறது. விடியற்காலையில் பக்கவாட்டில் உருண்டு, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பாயிலிருந்து எழுவார். பள்ளிவாசலில் தூணோரம் நின்றபடியே தொழுதவரைப் பார்த்து, "சொகுசு பிடிச்சவன்" என்று முணுமுணுத்ததும் இதே வாய்கள்தான். மலைப்பாம்புக் கொழுப்பைத் தடவு, தாயத்துக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குமேல் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜப்பான்காரன் வந்து, சாவடியைக் கடக்கிறவனெல்லாம் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்றதும், வளையாத முதுகு ஒரே நாளில் வீரமாகிவிட்டது. இவர்களோ மூக்கு முழங்காலில் இடிக்கக் குனிந்து போகிறவர்கள். தங்களுக்கில்லாத ரோஷத்தை ஒரு நோயாளியின் தலையில் கட்டிவிட்டு, அவர் அடி வாங்குவதை வேடிக்கை பார்க்கிறார்கள். தூ!

ஜமீலா கதவோரம் வந்து நின்றாள்.

"நானா, இவருக்கு வியாதின்னு அந்தச் சிப்பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே குனியலேன்னா கழுத்தைச் சீவிடுவேன்னு சைகை காட்டியிருக்கான்."

"ஊரே பெருமையாப் பேசுது தங்கச்சி. இப்பப் போயி வியாதின்னா நம்ம மானம் என்னாவறது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். வீங்கின உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அவருக்கும் இது இனிக்கிறது!

எல்லாரும் போனபின் கேட்டாள்: "நீங்களாவது சொல்லக்கூடாதா மச்சான்?"

"இப்பத்தான் என்னை மனுஷனாப் பாக்குறாங்க, ஜமீலா."

"நாளைக்குக் குழியில வைக்கறப்ப மையத்தாப் பாப்பாங்க."

சாவடிக்கு அப்பாலிருக்கும் அவர் கடையைத் திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று ஜப்பான்காரர்கள் வீடு தேடி வருவார்கள். அதனால் மறுநாள் காலையில் அவர் கிளம்பினார். வா என்று யாரும் சொல்லாமலே அவளும் கூடப் போனாள். சாவடியருகே நேற்றைய கூட்டம் முழுவதும் நின்றது, ஜெய்னுலாப்தீன் நானா உட்பட. வணங்கி நிமிர்ந்துவிட்டு, இனி நடப்பதைப் பார்க்கத் தோதாக ஒதுங்கி நின்றார்கள்.

அப்துல் கய்யூம் நேராக நின்றார். சிப்பாயின் துப்பாக்கிக் கட்டை உயர்ந்தது.

ஜமீலா குறுக்கே பாய்ந்தாள். புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து தோள்வரை தூக்கினாள்.

"துவான்! சாக்கிட்! இவருக்கு சாக்கிட்!" ஐயா, நோவு என்று தெரிந்த மலாயில் கத்திக்கொண்டே, அவர் பிடரியில் இரண்டு கையையும் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கீழே அமுக்கினாள்.

அவர் அலறினார். தெருவே கேட்டது அந்த அலறலை. கழுத்து ஓர் அங்குலம்கூட மடங்கவில்லை.

சிப்பாய் கட்டையைத் தாழ்த்தினான். நானாவை விரல் சொடுக்கிக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். நானா ஓடி வந்து இடுப்பை வளைத்தார்.

"பியோக்கி," என்றார். வியாதி.

அவ்வளவுதான். இத்தனை அடிக்கும் அந்த வார்த்தை இவர் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது! அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது ஜமீலாவுக்கு.

சிப்பாய் அந்த முதுகெலும்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு முகவாயை ஆட்டிப் போகச் சொன்னான். ஜமீலா இருவருக்குமாகச் சேர்த்துக் குனிந்தாள்.

"சே, வெறும் வாதந்தானா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சினிமா பாதியில் நின்றுபோனதுபோல் கூட்டம் கலைந்தது.

அன்றைக்கு லுஹருக்குப் பின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அப்துல் கய்யூம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீலா மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தாள், தொடவில்லை.

மறுநாள் விடியலில் அவர் உருண்டு சுவரைத் தேடும் சத்தத்துக்காகக் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். எழும்போது அவள் தொட்டால் அவருக்குப் பிடிக்காது; கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் மல்லாந்தபடியே இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்கிவிடு," என்றார். "பிடரியைத் தொடாதே. நேத்து அமுக்கினது இன்னும் வலிக்குது."