மாடிக்காரரின் ஒரு நிமிடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அக்கா போன் செய்து திட்டியதில் கிடைத்தது. திட்டு எனக்கு இல்லை, அவளுடைய தையல் கடை மாடியில் குடியிருக்கும் மனிதருக்கு. அவரை முகத்துக்கு நேரே திட்ட அவளுக்கு மனசு வரவில்லை, என் காதில் கொட்டிவிட்டாள். தங்கை என்று ஒருத்தி இருப்பது இதற்குத்தானே.

கொட்டி முடித்து, மறுநாள் கோபம் ஆறிய பிறகு, "நீதான் கதை எழுதறவளாச்சே, இதை எழுதிப் பாரேன். எழுதும்போது யார் பக்கம் நியாயம்னு தெரிஞ்சிடும்ல?" என்றாள்.

எழுதினால் நியாயம் தெரிந்துவிடும் என்று இன்னும் நம்புகிற ஒரே மனுஷி என் அக்காவாகத்தான் இருக்கும். அதைக் கெடுப்பானேன் என்று உட்கார்ந்தேன்.

2

ஆரம்பத்தில் எழுதி அடித்தவை:

"போர் தன் கோரப் பற்களை..." (நான் போரைப் பார்த்ததில்லை. கோரம் என்ற சொல்லை மட்டும் நிறைய பார்த்திருக்கிறேன்.)

"அவர் கண்களில் சொல்ல முடியாத சோகம்..." (அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சோகமும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணாடி பவர் பத்தல. மாத்தினதும் சரியாயிடுச்சு" என்றாள்.)

ஆகவே கடையிலிருந்தே தொடங்குகிறேன். நீளமான, அகலம் குறைந்த ஓர் அறை. ஒரு பெரிய வெட்டும் மேஜை, தையல் மெஷின்கள், இஸ்திரிப் பெட்டி, நிறம் வாரியாக நூல்கண்டுகள். தரையில் எந்நேரமும் துணித் துண்டுகள். அக்கா முதலாளி. பேன்ட் மாஸ்டர் என்று ஒருவர். சட்டையை விரலால்கூடத் தொடமாட்டார், கேட்டால் முகம் சுளிப்பார். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிற காஜாக்காரம்மா. கையும் வாயும் ஒரே வேகம்.

மூன்று பேருக்கும் மூன்று சாமி. முன்பு ஆளுக்கொரு படம் கொண்டுவந்து மாட்டி, யார் படம் நடுவில் என்று பனிப்போர் நடந்திருக்கிறது. ஒரு நாள் அக்கா எல்லாப் படத்தையும் கழற்றி அவரவர் கையில் கொடுத்து, "சுவர் ஒண்ணுதான் இருக்கு. சாமியை மனசுல வச்சுக்குங்க, அங்க இடம் தாராளம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம். காலையில் மெஷின்களுக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன், எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார்கள். யார் யாரை நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. அக்காவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூட இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

(என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் ஒழுங்கு கிடையாது. ஆஸ்பத்திரி, பரீட்சை, காணாமல் போன சாவி, இந்த மாதிரி சமயங்களில் மட்டும்.)

3

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தபோது அவர்களைப் பள்ளிக்கூட ஹாலில் தங்க வைத்திருந்தார்கள். அக்கா போர்வை கொடுக்கப் போனாள். திரும்பும்போது ஓர் ஆளோடு வந்தாள். "போர்வை குடுக்கத்தானே போனே?" என்று அத்தான் கேட்டாராம். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் விட்ட பழக்கம் அது.

அந்த ஆள் ஹாலில் யாரோ தானமாகத் தந்த கோட்டை ஒரு பெரியவருக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டிக்கொண்டிருந்தாராம், சாக்பீஸ் கோடுகூடப் போடாமல். "இரக்கப்பட்டுக் கூட்டிட்டு வந்தேன்னு எழுதிடாதே. சட்டை வெட்ட ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தேன், அதான்" என்கிறாள் அக்கா. (அப்படியானால் மாடி அறையை ஏன் சும்மா கொடுத்தாள் என்று கேட்டேன். "நீ என்னை ரொம்ப நல்லவளா எழுதினா கஸ்டமருக்கு நம்பிக்கை வராது" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.)

கடையில் அவர் பெயர் மாடிக்காரர்.

இப்போது ஒரு சிக்கல். அந்தப் பக்கம் மதத்துக்காக ஆட்களை விரட்டுகிறார்கள் என்று செய்தியில் வந்திருந்தது. மதத்துக்காக விரட்டப்பட்டவர் என்றால் மதப்பற்று உள்ளவர் என்று கடையில் முடிவு செய்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் மனசு புண்படும் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்து மக்கள் எப்படி வழிபடுவார்கள் என்று வெளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு மூலையை அவர் கும்பிட ஒதுக்கி, அக்கா இருப்பதிலேயே நல்ல துணியில் ஓரமெல்லாம் பைப்பிங் வைத்துத் திரை தைத்தாள். வேற்று மதத்துக்காரரான பேன்ட் மாஸ்டரே ஏணி போட்டு ஏறி, கம்பி அடித்து மாட்டினார்.

மாடிக்காரர் திரையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல தையல்" என்றார். அக்கா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

பார்த்தீர்களா, இதுவரை இந்தக் கதையில் ஒரு கெட்டவர்கூட வரவில்லை. எழுதுகிறவளுக்கு இதைவிடத் தொல்லை வேறு கிடையாது. நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனிதரைப் பொய் சொல்ல வைக்கப்போகிறார்கள். அதை யார் தலையில் கட்டுவது?

4

மாடிக்காரரும் தினமும் அந்த ஒரு நிமிடம் நின்றார். கண்ணை மூடினார். உதடுகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும்.

காஜாக்காரம்மா அவருக்குப் பக்கத்தில் நிற்பாள். அளவு சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று அவருடைய பாஷையில் எண்களை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

ஒரு நாள் டீ நேரத்தில் பேன்ட் மாஸ்டர் ரொம்ப உருகிப்போய்ச் சொன்னார்: "மாடிக்காரர்கிட்ட நாம கத்துக்கணும். என்ன பக்தி! உதடு ஒரு நொடி நிக்கமாட்டேங்குது."

காஜாக்காரம்மாவுக்கு டீ புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "பக்தியா? வாய்க்குள்ள ஓடறது பூரா நம்பர். டாக்டர் சட்டைக்குக் கழுத்து, தோள், கைநீளம்னு நோட்டுல இருக்கிற அளவை அப்படியே ஒப்பிச்சுக்கிட்டிருக்கார். முந்தாநாள் வாத்தியார் சட்டை."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேடிக்கை என்றுதான் நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மாடிக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். சற்று நேரத்தில் மேலே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பையில் துணியை அடுக்குகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

5

"நம்மளை முட்டாளாக்கிட்டார். அவர் இங்க இருந்தா நாளைக்கு நான் அந்த ஒரு நிமிஷத்துக்கு நிக்கமாட்டேன். நிக்காம மெஷின்லயும் உட்காரமாட்டேன்" என்றார் பேன்ட் மாஸ்டர். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். யூனிபார்ம் பேன்ட்டுகள் வெட்டியபடி மலை மாதிரி குவிந்து கிடந்தன.

அக்கா எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

"சாமியை வச்சு ஏமாத்திட்டார்டி. ரூம் குடுத்தேன், திரை தச்சுக் குடுத்தேன்..."

"திரை வேணும்னு அவர் கேட்டாராக்கா?"

"நீ யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் கதை நின்றுபோய்விட்டது. அவர் போவாரா, இருப்பாரா? அவள் எழுதச் சொல்வதற்கு முன்பே, பழக்க தோஷத்தில், போனை வைத்த கையோடு நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மாடிக்காரர் கீழே இறங்கி வந்து மனிதச் சுதந்திரம் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். பேன்ட் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்கி... (அடித்துவிட்டேன். நம் பாஷையில் அவர் இன்னும் திக்கித் திணறித்தான் பேசுகிறார். என் பிரசங்கத்தை அவர் வாயில் திணிப்பதும் ஒரு கட்டாயப் பிரார்த்தனைதான்.)

முடிவு ஆ: அளவுகளை முணுமுணுத்து முணுமுணுத்தே அவருக்கு ஒரு நாள் உண்மையான பக்தி வந்து (பேன்ட் மாஸ்டருக்கு மட்டும் பிடிக்கும்.)

முடிவு இ: அவர் பையோடு இறங்கித் தெருவில் நடந்து மறைகிறார். (இதை அடிக்கத்தான் கை வரவில்லை. இப்படி முடித்தால் ஆழமான கதை என்பார்கள். எனக்குப் பேர் கிடைக்கும், அவருக்குத் தங்க இடம் இருக்காது. ஒரு பாராட்டுக்காக மனிதரைத் தெருவில் நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. இதையும் அடித்தேன்.)

6

நான் இப்படிப் பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அங்கே அக்கா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டிருந்தாள். மறுநாள் போனில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருடைய திக்கலை மட்டும் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன்.

கட்டில்மேல் பை தயாராக இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஹாலுக்கு. இடம் இருக்கும்."

"போகச் சொன்னது யாரு?"

"யாரும் இல்ல. தெரிஞ்சுபோச்சில்ல, அதான்."

திட்டத்தான் அக்கா மேலே போனாள். வாயில் வந்தது வேறு. "உங்களை அங்கேருந்து எதுக்கு விரட்டினாங்க?"

அவர் வந்து இவ்வளவு காலத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"கும்பிட வரலன்னு. எனக்கு நம்பிக்கை இல்ல, சின்ன வயசுலேருந்தே. வாசல்ல வந்து நின்னு, வா, இல்லேன்னா ஊரை விட்டுப் போன்னாங்க. வந்துட்டேன்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அங்க மாட்டேன்னுட்டு, இங்க வந்து எதுக்குக் கும்பிடற மாதிரி நின்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினாராம். "அங்க மிரட்டினாங்க. மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது. இங்க அன்பா செஞ்சீங்க. திரை, அதுல பைப்பிங். அதுக்கு எப்படி மாட்டேன்னு சொல்றது? சொன்னா ரூம் போயிடுமோன்னு பயம்."

"மெஷின் ஊசி விரல்ல இறங்கின மாதிரி இருந்துச்சுடி" என்றாள் அக்கா. அவள் அழுதாள் என்பதை அவள் சொல்லவில்லை, குரலில் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த நானும் அழுதேன். அவரிடம் திரையைப் பற்றி யாரும் கேட்காததுபோல, நானும் அவர் ஏன் விரட்டப்பட்டார் என்று அக்காவிடம் கேட்டதே இல்லை.

அக்கா எழுந்து போய்த் திரையைக் கழற்றக் கை வைத்தாள்.

"வேணாம்க்கா. வெயில் வருது" என்றார் அவர்.

பையை அவளே தூக்கி பீரோவுக்குள் வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

"மாஸ்டர், அந்த ஒரு நிமிஷத்தை நாம எதுக்கு ஆரம்பிச்சோம்?"

"சண்டை வரக்கூடாதுன்னு."

"யாருக்கு எந்தச் சாமின்னு யாரும் கேக்கக்கூடாதுன்னு. அப்போ சாமி உண்டா இல்லையான்னும் கேக்கக்கூடாது. நான் கேக்காமலே ஒரு பதிலை எழுதி அவர் கையில குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"நம்பாதவர் எதுக்கு நம்மகூட நிக்கணும்?"

"நிக்கவேணாம். டீ குடிக்கட்டும், துணி வெட்டட்டும், மேலயே இருக்கட்டும். அவர் இஷ்டம். ரூம் குடுத்தது அவர் வீடு இல்லாம வந்தார்ங்கிறதுக்கு. கும்பிடறதுக்குக் கூலியா இல்ல."

"அப்போ நான் போறேன்னா?"

"போகாதீங்க மாஸ்டர்னு கெஞ்சுவேன். காலைக்கூடப் பிடிப்பேன். அவரைப் போகச் சொல்லமாட்டேன்."

மாஸ்டர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். காஜாக்காரம்மா மட்டும் மூலையில், "என் வாயை முதல்ல தைக்கணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

7

மறுநாள் காலை நானே அக்காவைக் கூப்பிட்டேன். அப்போதுதான் அவள் இதை எழுதச் சொன்னதும்.

"மாஸ்டர் வந்தாரா?"

"வந்தார். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னார். நின்னாரில்ல, அது போதும்."

"மாடிக்காரர்?"

"அவரும் கீழே வந்தார்."

"அந்த நிமிஷத்துல என்ன பண்ணினார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

"காஜாக்காரம்மா?"

"அவளும்தான். காதையும் சேர்த்துப் பொத்திக்கிட்டாளாம்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது.

ஆக, இந்தக் கதையின் முடிவைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எழுதுகிறவளுக்கு இந்த மாதிரி இடத்தில் ஒரு சலுகை உண்டு. பூட்டிய வீட்டுக்குள் போகலாம், ஒருவருடைய மனசுக்குள்ளும் போய் உட்காரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நானும் போகப் பார்த்தேன். எழுதியது இவ்வளவுதான்:

அந்த ஒரு நிமிடத்தில் அவர்

இங்கே நிறுத்திவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லித்தான் அங்கே வாசலில் வந்து நின்றார்கள். நாங்கள் அதையே திரை தைத்துக் கேட்டோம். மூன்றாவதாக நான் பேனாவோடு போய் நிற்கமாட்டேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை முடித்துத்தான் தீர வேண்டும் என்று கை பரபரத்தால், கடைக்கே போய்விட்டு வாருங்கள். சட்டை நன்றாக வெட்டுகிறார். கழுத்தளவு கொடுங்கள், கைநீளம் சொல்லுங்கள், என்றைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். அதற்கு மேல் அவரிடம் கேட்க நமக்கு ஒன்றும் இல்லை.