வழிப்போக்கன் தீர்த்த தேனீ வழக்கு

கார்மழை ஓய்ந்து, கோஜாம் மேட்டுநிலத்தின் சரிவுகளெல்லாம் மஞ்சள் மலர் போர்த்து, தெஃப் பயிரின் மெல்லிய கதிர்கள் காற்றின் கைபட்டு அலையலையாய்ச் சாய்ந்து நிமிர, நெடும்பள்ளத்தின் அடியில் நீலநைல் தான் பிளந்த மலையைத் தானே வியப்பதுபோல் முழங்கிக் கிடக்க, இளங்கதிர் குன்றின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறிய காலைப்பொழுது அது. கற்றறிந்தீர்! சட்டம் ஏடேறிக் கறுப்பங்கி அணிந்து கட்டணம் கேட்கப் பழகுவதற்கு முன்னர், அந்நாட்டில் முறைமன்றம் என்பது கட்டடமன்று. வழக்கிட்ட இருவர், ஒருவரையொருவர் ஓடவிடாதபடி வெண்போர்வைகளின் முனையோடு முனை முடிந்து தெருவுக்கு வருவர், எதிர்ப்படும் வழிப்போக்கனை மன்னர் பெயரால் நிறுத்துவர், நின்றவன் நடுவன். பசியோ பயணமோ பல்வலியோ அவனுக்குச் சாக்காகா.

அன்று அவ்வாறு அகப்பட்டவன் அயலேவ் என்னும் இளைஞன். மறுநாள் பெரியோர் சென்று தனக்காகப் பெண் கேட்கவிருந்த வீட்டின் கூரையை ஒருமுறை பார்த்து வரப் புறப்பட்டிருந்தான். காதலுற்றோர் செய்யும் பயனில்லாப் பணிகளுள் அது தலையாயது. சென்ற திருமுழுக்கு விழாவில், விரும்பிய பெண்மேல் கனி எறியும் ஊர் வழக்கப்படி, அவ்வீட்டு அரெகாஷ் என்னும் நங்கைமேல் அவன் எறிந்த எலுமிச்சை, குறிவைத்த நெஞ்சை விடுத்து அவள் காதைத் தாக்கிற்று. அவள் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. கனியை எடுத்து இடைக்கச்சில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அன்று போன அவன் உறக்கம் இன்னும் திரும்பவில்லை.

“மன்னர் பேரால நில்லுப்பா!”

நின்றான். போர்வை முடிந்த இருவருள் ஒருத்தி யெஷி என்னும் கைம்பெண். மற்றவர் தேனீ வளர்ப்பவர் வொர்க்கு. அரெகாஷின் தந்தை!

“என் கூட்டுலேர்ந்து கெளம்புன தேனீ, தம்பி. இவ மரத்துல போய்த் தொங்குது. என் தேனீ எனக்குத்தானே?”

“ஆமா, ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்காரு!” என்றாள் யெஷி.

நடுவன் வாயில் ஒரு சொல் இருந்தது. அதை இப்புறம் உதிர்த்தால் மாமனார், அப்புறம் உதிர்த்தால் பகைவர். ஆயினும், மறைத்து வைத்த ஆசையோடு நடுவிருக்கையில் அமர்வது களவு என்று அவன் நெஞ்சு நெருஞ்சியாய் உறுத்திற்று.

“நான் தீர்ப்பு சொல்லக் கூடாதுங்க. நாளைக்கு இவரு பொண்ணக் கேட்டு எங்க பெரியவங்க வர்றாங்க.”

வொர்க்கு அவனை மேலும் கீழும் நோக்கினார். “அந்த எலுமிச்சம்பழம் நீதானா? மூணு நாளு காது வீங்கிக் கெடந்தா!”

யெஷி முடிச்சு குலுங்கச் சிரித்தாள். “ஒளிக்காம சொல்லிட்டியே, அது போதும். எனக்குச் சம்மதம்; நீயே சொல்லு. உங்களுக்கு எப்படிண்ணே?”

“எனக்கென்ன கசக்குதா?” என்று மீசையை நீவினார் வொர்க்கு.

இனித் தப்ப வழியில்லை. தேனீயின் பின்னே கண்ணெடாமல் ஓடியவனுக்கே தேனீ உரித்து. கண் விலகிற்றேல் மரமுடையார்க்கு உரித்து என்பது அவ்வூர் முறை.

“கூட்டம் கெளம்புனதுலேர்ந்து மரம் வரைக்கும் கண்ணெடுக்காம வந்தீங்களா?”

வொர்க்கு வானத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் பார்க்கும் வானம் அது. “வழியில மச்சான் வீடு... ஒரே ஒரு குவளை தெல்லா...”

“ஒரு குவளையாம்! மீசையில நுரை இன்னும் காயல!”

அயலேவ் கண்களை மூடிக்கொண்டான். “தேனீ யெஷியம்மாவுக்கு.”

“ஒத்துக்க மாட்டேன்! மேல்முறையீடு!” என்று முழங்கிய வொர்க்கு, “எங்க வீட்டுல எனக்கு மேல இருக்குறது என் மகதான். நடங்க!” என்று, முடிந்த போர்வையோடு யெஷியையும், முடியாமலே கட்டுண்ட அயலேவையும் இழுத்துச் சென்றார்.

முற்றத்தில் தானியம் புடைத்துக்கொண்டிருந்த அரெகாஷ், தந்தை மூச்சுவாங்கச் சொன்னதையும், யெஷி இடைமறித்துத் திருத்தியதையும் முழுதும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான் தீர்ப்பு சொல்லக் கூடாதுப்பா.”

“ஏம்மா?”

“எனக்கும் இதுல ஆசை இருக்கு.”

சொன்னவள் காது, எலுமிச்சை பட்ட நாளினும் சிவந்தது. பின்னர் வொர்க்குவின் பருத்த விரல்கள் போர்வை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

“தேனீய வச்சிக்க, யெஷி. நாளைக்கு ஆளுங்க வராங்க. கல்யாணத் தேன்மதுவுக்குத் தேன் உன்கிட்டதான் வாங்கணும், ஏமாத்திடாத.”

அம்மேட்டுநிலத்தில் பின்னாளில் தூண் நிறுத்திய மன்றங்கள் எழுந்தன, சட்டங்கள் ஏடேறின, போர்வைகளை முடிந்துகொண்டு தெருவில் நிற்போர் எவருமிலர். ஆயினும் தன் நெஞ்சு எப்புறம் சாய்கிறது என்பதை முதற்கண் ஒளியாது உரைப்பவரே நடுவர் என்னும் பாடத்தை, ஆண்டுதோறும் சட்டம் பயிலப் புகும் இளையோர், நெஞ்சு சாயும் அகவையிலேயே கற்கத் தொடங்குகின்றனர்.